பழைய மதர்போர்டை ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் ஹீட்சிங்கைக் கழற்றிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்

பழைய கம்ப்யூட்டர் போர்டு உயிர் வரவில்லை என்று சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு கிளம்புபவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். போன மாதம் நான் 2,400 ரூபாயையும் ஒரு நல்ல ப்ராசசரையும் இப்படித்தான் தொலைத்தேன்.

பொருள் அப்பாவுடையது. டிடிபி சென்டர் நடத்தியபோது 1994-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ப்ராசசர் 486 டிஎக்ஸ்2, வேகம் 66 மெகாஹெர்ட்ஸ். எத்தனையோ கல்யாணப் பத்திரிகைகள் அதில் தயாரானவை. இப்போது சுவிட்சைப் போட்டால் பவர் சப்ளையின் ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றுவிடும். பீப் சத்தம்கூடக் கிடையாது. பழைய போர்டு பார்ப்பவர் என்று ஒருவரைச் சொன்னார்கள். ப்ராசசர், நான்கு ராம் ஸ்டிக் எல்லாவற்றோடும் அப்படியே கொடுத்துவிட்டு வந்தேன். ரசீதுகூட வாங்கவில்லை.

மூன்று வாரம் "நாளைக்கு வாங்க தம்பி" தான். அப்புறம், "பேட்டரி ஆசிட் ஒழுகி அஞ்சு இடத்துல ட்ராக்கை அரிச்சிருச்சு, சரி பண்ணிட்டேன். ஆனா சிப்செட் போயிருச்சு, இனி தேறாது" என்றார். ட்ராக், அதாவது போர்டில் ஓடும் மெல்லிய செம்புக் கோடுகள், அதைச் சரி செய்த வேலைக்கு 2,400. கொடுத்துவிட்டு பஸ் ஏறிய பிறகுதான் உறைத்தது. அந்த 3.6 வோல்ட் பீப்பாய் பேட்டரியை எட்டு வருடம் முன்பே நானே வெட்டி எடுத்து, இடத்தை வினிகர் வைத்துத் துடைத்திருந்தேன். அதில் ஒழுகுவது ஆசிட்டே இல்லை, காரம் (ஆல்கலி), அதனால்தான் வினிகர். வீட்டில் லென்ஸ் வைத்துத் தேடினேன். புதிதாக ஈயம் வைத்த அடையாளம் ஒரு இடத்தில்கூட இல்லை.

அந்தக் கோபத்தில் மல்டிமீட்டரை எடுத்தேன். முதலில் பவர் சப்ளையைத் தனியாக, ஒரு பழைய ஹார்டு டிஸ்கை மட்டும் மாட்டி ஓட்டினேன். லோடு இல்லாவிட்டால் அந்தக் காலத்து சப்ளைகள் பல ஓடாது. 5 வோல்ட், 12 வோல்ட் இரண்டும் சரி. அடுத்து போர்டிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, மஞ்சள் வயர் வரும் பின்னுக்கும் கறுப்பு வயர் வரும் பின்னுக்கும் நடுவே பார்த்தால் ஒரு ஓம்கூட இல்லை. 12 வோல்ட் லைன் ஷார்ட். கார்டுகளைச் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டுகளின் ஓரத்தில் மஞ்சளாக, கடலைப்பருப்பு மாதிரி டேன்டலம் கெப்பாசிட்டர்கள் இருக்கும். வயதானால் ஷார்ட் ஆவது அவற்றுக்கு வழக்கமான நோய். மூன்றாவதின் ஒரு காலைத் தூக்கியதும் ஷார்ட் போய்விட்டது. 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் இருந்த இடத்தில் 25 வோல்ட் ஒன்றைப் போட்டேன். விலை பதினைந்து ரூபாய். டேன்டலத்தில் கோடு போட்ட பக்கம்தான் ப்ளஸ். மற்ற கெப்பாசிட்டர்களைப் போல மைனஸ் என்று நினைத்துத் திருப்பிப் போட்டால் வெடித்துத் தீப்பிடிக்கும்.

போர்டு உயிர் வந்தது. சந்தோஷம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. மெமரி எண்ணிக்கை 16 எம்பி வரை போகாமல் 4-இல் நின்றது. ஆன் செய்ததும் வரும் பயாஸ் திரையில் ப்ராசசர் வேகம் 33 மெகாஹெர்ட்ஸ். கேபினட் முகப்பில் மட்டும் பழையபடி 66 எரிந்துகொண்டிருந்தது. அந்த விளக்கு எதையும் அளப்பதில்லை, ஜம்பரில் (பின்களை இணைக்கும் குட்டி மூடி) வைத்த எண்ணைத்தான் காட்டும். ப்ராசசரின் சூட்டைத் தணிக்க மேலே வைக்கும் உலோகக் கட்டியான ஹீட்சிங்கைக் கழற்றினால் அடியில் பாதி வேக டிஎக்ஸ்-33 உட்கார்ந்திருக்கிறது. அதே சாக்கெட்டில் அதே ஜம்பரோடு ஓடும், மேலே மூடிவிட்டால் தெரியாது. செத்த போர்டை இவன் எங்கே ஓட்டிப் பார்க்கப்போகிறான் என்பது கடைக்காரரின் கணக்கு.

போய்க் கேட்டதற்கு, "நீங்க கொண்டுவந்ததே இதுதான் தம்பி" என்றார். மறுத்துக் காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை. நீங்களாவது ப்ராசசரின் எழுத்தையும் ராமின் எண்களையும் படம் எடுத்து ரசீதில் எழுதி வாங்குங்கள். அதைவிட, இரண்டையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வெறும் போர்டை மட்டும் கொடுங்கள். இந்த மாதிரி ஷார்ட்டைத் தேட அவை தேவையே இல்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று வந்து எட்டிப் பார்த்தார். "அட, 66 எரியுதே" என்றார்.