பொதுச்சுவர் வேலை: ஒரே சர்வேயரா, ஆளுக்கு ஒருவரா?

லண்டன் வரிசை வீடுகளில் மாடிக்கு மேல் அறை எழுப்பும்போது, இரும்பு பீமின் முனை பெரும்பாலும் பக்கத்து வீட்டோடு பகிரும் பொதுச்சுவரில்தான் உட்காரும். 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி, வேலைக்கு இரண்டு மாதம் முன்பே பக்கத்து வீட்டுக்கு நோட்டீஸ் தர வேண்டும். 14 நாளில் பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காவிட்டால் அது தகராறுதான். வாயைத் திறக்காமல் இருந்தாலும் சரி. அங்கிருந்துதான் சர்வேயர் பேச்சு: வேலை எப்படி நடக்கலாம் என்று உத்தரவு எழுதுகிறவர் அவர். இரு வீட்டுக்கும் பொதுவாக ஒருவரை வைக்கலாம், இல்லை ஆளுக்கு ஒருவரை.

செலவு: ஒருவர் என்றால் ஒரு கட்டணம். இருவர் என்றால் இரண்டும் வழக்கமாக வீடு கட்டுகிறவர் தலையில்.

வேகம்: ஒருவரே பார்த்து உத்தரவு எழுதிவிடுவார். இருவரிடையே வரைவு போய்வரும், முட்டிக்கொண்டால் மூன்றாமவர்.

நம்பிக்கை: சட்டப்படி எல்லோரும் நடுநிலைதான். ஆனாலும் நீங்கள் காட்டிய ஆளைப் பக்கத்து வீட்டு அக்கா நம்புவாரா என்பது வேறு கதை.

எதுவானாலும், வேலைக்கு முன் அவர் வீட்டுச் சுவரைப் படமெடுத்துப் பதியச் சொல்லுங்கள். கதவு மேல்மூலையில் ஓடும் மயிரிழை விரிசல் பழசா புதுசா என்பதில்தான் பின்னால் சண்டை வரும்.

பீம் மட்டும், பேச்சுவார்த்தையும் சுமுகம் என்றால் ஒருவர் போதும். நிலவறை தோண்டுகிறீர்களா, ஏற்கெனவே மனக்கசப்பா? இருவரே நல்லது.