டெக் பழுது பார்த்து வந்த பிறகு

பழுது பார்க்கக் கொடுத்திருந்த வி.எச்.எஸ். டெக், அதாவது வீடியோ கேசட் போட்டுப் படம் பார்க்கும் கருவி, போன வாரம் வீடு வந்து சேர்ந்தது. பெல்ட் இளகிப் பிசினாகியிருந்தது. அதை மாற்றி, நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துக் கொடுத்த மெக்கானிக், இனி ஹெட் போனால் தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டார். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் டெக் தயாரிப்பை நிறுத்தியதற்கே உதிரிபாகத் தட்டுப்பாடு ஒரு காரணம். அவரைக் குறை சொல்ல முடியாது. இதைக் கேள்விப்பட்ட நண்பர், தானும் பழைய டெக் ஒன்று வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

படம் மங்கல்தான். பெரிய டிவியில் முகங்கள் கரைந்துபோகின்றன. மழைக்காலத்தில் கேசட்டில் பூஞ்சை பிடிக்கும். வாடகைக் கேசட்டுகளில் ஜவுளிக்கடை விளம்பரம் வசனம் பேசுகிறவர் முகத்தின் மேலேயே ஏறி ஓடும். அதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஆனால் அந்தக் கேசட்டுகளில் ஒரு விஷயம் இருக்கிறது. எங்கள் ஊர் வீடியோ கடையை மூடியபோது வாங்கி வைத்தவை அவை. ஒன்றைப் போட்டால் முக்கால் மணி நேரம் ஒழுங்காக ஓடும். பாட்டு வருவதற்குச் சற்று முன் படம் நடுங்கும், வெள்ளைக் கோடுகள் குறுக்கே பாயும், பாட்டு முடிந்ததும் தெளிந்துவிடும். படத்தை நிறுத்தி வைத்தால் நாடாதான் நிற்கும். ஹெட் பொருத்திய உருளையான ஹெட் டிரம் நிமிடத்துக்கு 1500 சுற்று சுற்றி அதே இடத்தைத் தேய்க்கும். ஊரே அந்தப் பாட்டில் நிறுத்தி, ரிவைண்ட் செய்து, மறுபடி பார்த்திருக்கிறது. யார் யாரோ ரசித்த இடம் என் கண்ணெதிரே கோடு கோடாகத் தெரிகிறது. இந்தச் சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இணையச் சந்தாவில் படம் பளிச்சென்று வருகிறது, மறுக்கவில்லை. பாதி பார்த்து மறுநாளைக்கு வைத்திருந்த பழைய படம் ஒன்று அங்கே காணாமல் போனது. உரிமம் முடிந்திருக்கும், தொழிலில் அது சகஜம். ஒரு வரி முன்கூட்டியே சொல்லக் கூடாதா? மாதாமாதம் பணம் கட்டுகிறவனுக்கு அந்த மரியாதைகூட இல்லையா? வீடியோ கடைக்காரர் நீள நோட்டைப் புரட்டி, "வெளியே போயிருக்கிறது, நாளை சாயங்காலம் வந்துவிடும்" என்பார். வந்ததும் வேறு யாருக்கும் கொடுக்காமல் மேசைக்கு அடியில் எடுத்து வைத்திருப்பார். பாதியில் நிறுத்திய கேசட்டோ, எத்தனை வருடம் கழித்து எந்த டெக்கில் போட்டாலும் விட்ட இடத்திலிருந்தே தொடங்கும்.

நண்பருக்கு என் பதில்: டெக் வாங்க வேண்டாம். பெல்ட்டுக்கும் ஹெட்டுக்கும் அலைந்து மாளாது. செலவைப் பார்த்தாலும் தெளிவைப் பார்த்தாலும் சந்தாதான் மேல். என் சந்தா இந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை.