மழை வந்தால் கிளம்பும் வாடை: பூனை மூத்திரத்தோடு மூன்று வருடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்களுடையது பழைய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தை விட்டு வந்தபோது அப்பா வாங்கியது. முன்னால் டைல் போட்டாயிற்று, பின்கட்டு இன்னும் சிமெண்டுத் தரைதான். பூனைகள் இரண்டு. கருப்பன் செம்பனை ஓரத்தில் குட்டியாகக் கிடைத்தவன். வெள்ளச்சியைப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் மழை வருவதை முதலில் சொல்வது மூக்குதான். அக்டோபர், நவம்பரில் இங்கே மதியத்துக்குமேல் இருட்டிக்கொண்டு வரும். அம்மா உடனே, "டேய், உன் பூனை மறுபடியும் போயிட்டான்டா" என்று சத்தம் போடுவார். தேடினால் எங்கும் ஈரமே இருக்காது. செய்யாத குற்றத்துக்குக் கருப்பன் எத்தனையோ தடவை துடைப்பத்தோடு துரத்தப்பட்டிருக்கிறான்.

காரணம் பிறகுதான் விளங்கியது. மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகி, சிமெண்டின் துளைகளிலும் டைல் இடுக்கிலும் உட்கார்ந்துவிடுகிறது. சும்மா தண்ணீர் விட்டால் கரையாது. காற்றில் ஈரம் ஏறியதும் பழைய வாடை மறுபடி எழும்பும். நாங்கள் முகர்ந்தது போன மாதத்து மூத்திரம்!

அதுவரை நான் செய்ததெல்லாம் தப்பு. பிளீச் ஊற்றித் தேய்த்தேன். மூத்திரம் அழுகும்போது அமோனியா வரும், அதோடு பிளீச் சேர்ந்தால் குளோராமின் என்ற நச்சுக் காற்று. கதவைச் சாத்திக்கொண்டு கழுவிய அன்று கண் எரிந்து, இருமி இருமி வெளியே ஓடிவந்தேன். அம்மாவின் வைத்தியம், தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும் கிருமிநாசினி. அந்த ஃபீனால் வகைச் சாமான்களைப் பூனையின் ஈரல் சரியாக வெளியேற்றாது. ஈரத் தரையில் நடந்த காலை அது நக்கினால் ஆபத்து. போதாக்குறைக்கு வெள்ளிக்கிழமை சாம்பிராணி. சாம்பிராணியும் பூனை மூத்திரமும் கலந்தால் என்ன வாடை வரும் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இப்போது கையில் இருப்பது, மூத்திரப் படிவைச் சிதைக்கும் என்சைம் திரவம் ஒன்றுதான். முதல் போத்தல் 35 வெள்ளி (ரிங்கிட்). தெளித்து உடனே துடைத்துவிட்டு, "காசு தண்டம்" என்று ஒரு மாதம் திட்டிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையது. மூத்திரம் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்க வேண்டும். அதனால் தெளிப்பதில்லை, ஊற்றுகிறேன். மேலே பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரத்தில் செங்கல் வைத்து, ஓர் இரவு விட்டுவிடுவேன். நம் வெயிலுக்கும் மின்விசிறிக்கும் மூடாமல் விட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், காய்ந்தால் என்சைம் வேலை செய்யாது. முன்பு பிளீச் போட்ட இடமென்றால் முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். மறுநாள் வாடை கூடின மாதிரிகூட இருக்கும், பயப்பட வேண்டாம். டைல் ஒரே தடவையில் சரியாகிவிட்டது. பின்கட்டுச் சிமெண்டுக்கு நான்கு தடவை ஆனது, அப்புறம் காயவிட்டு, துளைகளை அடைக்கும் சீலர் பூசினேன். மலிவு என்று என்சைம் திரவத்தை 5 லிட்டர் வாங்கித் தகரக் கூரைக்கடியில் வைத்ததுதான் இன்னொரு முட்டாள்தனம். சில மாதத்தில் வெறும் வாசனைத் தண்ணீராகிவிட்டது. சூட்டில் அதன் சக்தி போய்விடும். இப்போது சின்னப் போத்தல்தான், அலமாரிக்குள்.

புதிதாகப் போனதென்றால் பழைய துண்டை வைத்து அழுத்தி உறிஞ்ச வேண்டும், தேய்க்கக் கூடாது. வினிகர் அவசரத்துக்கு உதவும், ஆனால் பளிங்குத் தரையை அரித்துவிடும்.

கறை எங்கே என்று பார்க்க யூவி (புற ஊதா) டார்ச் வாங்கினேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் பழைய கறை மஞ்சள் பச்சையாகத் தெரியும். சலவைத் தூளும் ஒளிரும். கொடியில் கிடந்த என் வெள்ளை வேட்டி பேய் மாதிரி மின்னியதில் அம்மா அலறிவிட்டார். ஆனால் அந்த டார்ச்சில்தான் உண்மை தெரிந்தது. கறை பாதி தரையில் இல்லை, கதவு நிலையில் முழங்கால் உயரத்தில் இருந்தது. அதாவது கருப்பன் மூத்திரம் போகவில்லை, எல்லை குறிக்கப் பீய்ச்சியிருக்கிறான். கருத்தடை செய்த பிறகு சில வாரத்தில் அது நின்றது. எல்லாப் பூனைக்கும் நின்றுவிடும் என்று சொல்ல முடியாது, பெரும்பாலும் நிற்கும்.

தரையில் இருந்தது வெள்ளச்சியின் வேலை. அவள் மேல் பிசகில்லை. மணல் தட்டு ஒன்றுதான், அதுவும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில். அது சுற்றி உதறும்போது எந்தப் பூனை அங்கே உட்காரும்? இரண்டு பூனைக்கு மூன்று தட்டு என்பது கணக்கு. மூன்றையும் வெவ்வேறு மூலையில் வைத்தேன், தினம் இரண்டு தடவை அள்ளுகிறேன். அப்புறம் அவள் தட்டுக்கு வெளியே மூத்திரம் போனது மொத்தமே இரண்டு தடவை.

போன வருடம் ஒரு ராத்திரி கருப்பன் தட்டுக்குப் போவதும் முக்குவதும் வருவதுமாக இருந்தான். மணலில் ஈரமே இல்லை. மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் தேடினார் அம்மா. நல்லவேளை, காத்திருக்காமல் ஈப்போ நகரத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். மூத்திரக்குழாய் அடைப்பு, குழாய் போட்டு எடுத்தார்கள். ஆண் பூனைக்கு இது ஓரிரு நாளில் உயிரையே எடுக்கும். முக்குகிறது, ஒன்றும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

தோற்றது ஒன்று உண்டு, அந்தக் கதவு நிலை. மரம் உறிஞ்சியது உறிஞ்சியதுதான். எத்தனை ஊற்றியும் நல்ல மழை நாளில் கிட்டப் போய் முகர்ந்தால் லேசாக இருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் மாற்றச் சொல்லி ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். அதுவரை அம்மா அந்தப் பக்கம் மட்டும் சாம்பிராணி காட்டுகிறார்.