சின்னக் கடை பில்லிங்: எஸ்கியூலைட்டா, எச்2-ஆ?

சென்னையில் சின்னக் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுப்பது என் தொழில். மளிகை, மருந்து, பெயின்ட் என்று எந்தக் கடைக்குப் போனாலும் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு கம்ப்யூட்டர், ஒரு தெர்மல் பிரின்டர், வசதி இருந்தால் ஒரு பார்கோடு ஸ்கேனர். இங்கே தனியாக மைஎஸ்கியூஎல் சர்வர் நிறுவுவதில் எனக்கு விருப்பமில்லை. ஒரு காலை அந்த சர்வீஸ் கிளம்பவில்லை என்றால் அதைக் கவனிக்கக் கடையில் ஆள் கிடையாது. நிரலுக்குள்ளேயே இருந்துகொண்டு, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் வைத்துக்கொள்ளும் தரவுத்தளம்தான் சரி. நான் எழுதுவது ஜாவாவில், அதனால் போட்டி எஸ்கியூலைட்டுக்கும் எச்2-வுக்கும்தான். இரண்டையும் கடைகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு எஸ்கியூலைட்டில் நிலைத்துவிட்டேன்.

வேகம், விலை, அளவு மூன்றிலும் பேச ஒன்றுமில்லை. இரண்டும் இலவசம், இரண்டும் ஒரு கடையின் பத்து வருடக் கணக்கை அலட்டிக்கொள்ளாமல் தாங்கும். எச்2 முழுக்க ஜாவா, ஒரு ஜார் கோப்போடு வேலை முடிந்தது. எஸ்கியூலைட் சி மொழியில் எழுதியது. அதன் ஜாவா டிரைவர் ஒரு நேட்டிவ் நூலகத்தைத் தற்காலிகக் கோப்புறையில் பிரித்துப் போட்டுத்தான் ஓடும். சில ஆன்டிவைரஸ்கள் அதைச் சந்தேகப்பட்டுத் தடுக்கும், விலக்குப் பட்டியலில் சேர்த்தால் சரியாகிவிடும்.

என்னை முடிவெடுக்க வைத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்துவது முன்கூட்டியே தெரியும், அது பிரச்சினையில்லை. மே மாதத்தில் லோடு தாங்காமல் போவதும், மழைக்காலத்தில் சொல்லாமல் போவதும்தான் பிரச்சினை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. கடையில் யூபிஎஸ் இருக்கும். அதன் பேட்டரி செத்துப் போயிருக்கும். பல கடைகளில் பிரின்டர் மட்டும் இன்வர்ட்டர் லைனில் இருக்கும், கம்ப்யூட்டர் இருக்காது.

இப்படிப்பட்ட கடையில் கமிட், அதாவது ‘பதிந்தாயிற்று’ என்று தரவுத்தளம் தரும் வாக்குக்கு என்ன மதிப்பு என்று பாருங்கள். எச்2-வின் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது: கமிட் ஆன பரிவர்த்தனைகள் எல்லாமே மின்தடையைத் தாண்டிப் பிழைக்கும் என்று உத்தரவாதம் இல்லை. ரைட் டிலே (எழுதுவதில் தாமதம்) என்ற அமைப்பு இயல்பாகவே 500 மில்லிநொடி. ஒவ்வொரு கமிட்டுக்கும் தரவை வட்டுக்குக் கட்டாயமாகத் தள்ளுவதில்லை. ஒரு நொடிக்குச் சற்று மேலான வேலை தொலையலாம் என்கிறார்கள். வேகத்துக்காக அவர்கள் யோசித்து எடுத்த முடிவு அது, அதை மறைக்கவும் இல்லை.

ஒரு நொடிதானே என்று விட முடியாது. ஜிஎஸ்டி விதிப்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் வரிசையாக இருக்க வேண்டும், ஓர் எண் இரண்டு பில்களில் வரக்கூடாது. 1874-ஆம் எண் பில் கமிட் ஆகி, அச்சாகி, வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது. அந்த நொடியில் கரண்ட் போகிறது. திரும்பக் கம்ப்யூட்டரைப் போட்டால் கடைசி பில் 1873 என்று காட்டுகிறது. அடுத்து வருபவருக்கும் 1874-தான் போகும். ‘தம்பி, ரெண்டு பேர் கையிலயும் ஒரே நம்பர் இருக்கே, ஆடிட்டர் கேட்டா நான் என்ன சொல்றது?’ என்று குரோம்பேட்டை மளிகைக்கடை அண்ணாச்சி கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம். எச்2-விலும் ஒவ்வொரு பில்லுக்குப் பின் செக்பாயின்ட் சிங்க் கட்டளையைக் கொடுத்து வட்டுக்குத் தள்ளலாம். ஆனால் அதற்கு அட்மின் உரிமை வேண்டும், நிரலில் எந்த இடத்திலும் மறக்காமல் எழுதியிருக்கவும் வேண்டும்.

எஸ்கியூலைட்டில் இது தலைகீழ். சிங்க்ரனஸ் அமைப்பு இயல்பாகவே ஃபுல், அதாவது தரவை வட்டுக்குத் தள்ளிவிட்டுத்தான் கமிட் ஆயிற்று என்று சொல்லும். இதை ரிச்சர்ட் ஹிப் 2000-இல் எழுதத் தொடங்கியதே அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கான மென்பொருளுக்காகத்தான். அங்கே தரவுத்தள சர்வர் ஓடவில்லை என்றால் நிரலும் முடங்கிவிடும் என்ற தொல்லையிலிருந்து விடுபட நினைத்தார். கடைக்கு நான் வைக்கும் அமைப்பு இதுதான்: ஜர்னல் மோடு வால், அதாவது மாற்றங்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிக்கொள்ளும், 2010-இல் வந்த ரைட் அஹெட் லாக் முறை; சிங்க்ரனஸ் ஃபுல். வால் முறையோடு நார்மல் வைக்கச் சொல்லும் அறிவுரை பல இடங்களில் கிடைக்கும். நார்மல் வைத்தால் கோப்பு கெடாது, ஆனால் மின்தடையில் கடைசிச் சில பில்கள் பின்வாங்கிவிடலாம். நிமிடத்துக்கு ஓரிரு பில் போடும் கடையில் ஃபுல்லால் வரும் தாமதத்தை யாரும் உணரப்போவதில்லை. ஒன்று மட்டும், மலிவான வட்டுகளும் பென் டிரைவ்களும் எழுதாமலே எழுதிவிட்டேன் என்று சொல்வதுண்டு. அங்கே எந்தத் தரவுத்தளமும் காப்பாற்றாது.

அமைக்கும்போது பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஜர்னல் மோடு கோப்பிலேயே பதிந்துவிடும், ஒருமுறை சொன்னால் போதும். சிங்க்ரனஸ், பிஸி டைம்அவுட் (பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம்), ஃபாரின் கீஸ் (அட்டவணைகளுக்கு இடையிலான தொடர்பைச் சோதிப்பது) மூன்றும் அப்படியல்ல. ஒவ்வொரு இணைப்பைத் திறக்கும்போதும் புதிதாகச் சொல்ல வேண்டும். ஃபாரின் கீ சோதனை இயல்பில் அணைந்தே இருக்கும். அதனால்தான் சில கடைகளில் அழிக்கப்பட்ட பொருளுக்கு பில் வரிகள் அநாதையாக நிற்கின்றன.

கரண்ட் போய் வந்த பிறகு கோப்புறையைத் திறந்தால் தரவுக் கோப்புக்குப் பக்கத்தில் வால், எஸ்எச்எம் என்று முடியும் இரண்டு கோப்புகள் கிடக்கும். குப்பை என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள். கடைசி பில்கள் இருப்பதே அந்த வால் கோப்பில்தான். தொடாமல் நிரலைத் திறந்தால் அதுவே படித்துச் சேர்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் சர்வீஸுக்கு வருபவரிடம் இதை வாயால் சொல்வது போதாது என்று கோப்புறையின் பெயரிலேயே ‘அழிக்காதே’ என்று வைத்திருக்கிறேன்.

அடுத்து எல்லோரும் பார்க்கும் பிழை, டேட்டாபேஸ் இஸ் லாக்டு. எஸ்கியூலைட்டின் இயல்பில் காத்திருப்பு நேரம் பூஜ்யம், பூட்டு இருந்தால் உடனே கைவிரித்துவிடும். சில டிரைவர்கள் தாமே சில நொடி வைக்கும், நான் ஐந்து நொடி என்று எழுதிவிடுகிறேன். அப்படியும் உடனடியாக பிழை வந்தால், படிக்கத் தொடங்கிய பரிவர்த்தனை நடுவில் எழுத முயல்கிறது என்று பொருள்; எழுதப்போகிற பரிவர்த்தனையை பிகின் இமீடியட் என்றே தொடங்கினால் தீரும். இன்னொரு காரணமும் அடிக்கடி சிக்கும்: யாரோ டிபி பிரவுசரில் கோப்பைத் திறந்து ஒரு விலையைத் திருத்திவிட்டு, மாற்றத்தை எழுதாமல் சன்னலைச் சுருக்கி வைத்திருப்பார்கள். பூட்டு அவர்கள் கையில்தான் இருக்கும்.

காப்புப் பிரதி விஷயத்தில் எச்2 நன்றாகவே இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்அப் கட்டளை ஜிப் கோப்பாகத் தந்துவிடும். எஸ்கியூலைட்டில் ஓடும்போது தரவுக் கோப்பை மட்டும் பென் டிரைவுக்கு நகலெடுப்பது ஆபத்து, வாலில் இருப்பது விட்டுப்போகும். முழுப் பிரதி எடுத்துத் தரும், 2019-இல் வந்த வேக்யூம் இன்டூ கட்டளையைக் கடை மூடும் நேரத்தில் ஓட்டி, கிடைத்த பிரதி கெடாமல் இருக்கிறதா என்று இன்டக்ரிட்டி செக் ஓட்டி, ‘ஓகே’ வந்தால்தான் பழைய பிரதியை அழிக்கிறேன்.

பதிப்பு மாற்றத்தில் எஸ்கியூலைட்டை விட்டுவிட எனக்கு மனமில்லை. 2004-இல் மூன்றாம் பதிப்பில் எழுதிய கோப்பை இன்றைய நூலகமும் திறக்கும். 2050 வரை ஆதரிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். எச்2-வில் 1.4.200-இல் எழுதிய கோப்பை 2021 இறுதியில் வந்த 2.0 திறக்காது. பழைய ஜாரைக் கொண்டு ஸ்கிரிப்ட்டாக எடுத்து, புதியதில் திரும்ப ஏற்ற வேண்டும். வேல்யூ போன்ற பெயர்கள் ஒதுக்கப்பட்ட சொற்களாகவும் ஆகிவிட்டன, நெடுவரிசைக்கு அந்தப் பெயர் வைத்திருந்தால் அங்கேயும் திருத்த வேண்டும். அம்பத்தூரில் ஒரு கடை, அம்பத்தூருக்கு அப்பால் இன்னொன்று என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து செய்கிற வேலை இது.

எஸ்கியூலைட்டில் பிடிக்காததும் உண்டு. பணத்துக்கென்று உண்மையான டெசிமல் வகை கிடையாது. அப்படிப் பெயர் வைத்தாலும் உள்ளே தசமம் மிதவை எண்ணாகத்தான் போகும். 9 சதவீதம் சிஜிஎஸ்டி, 9 சதவீதம் எஸ்ஜிஎஸ்டி என்று பிரிக்கும்போது அங்கே பைசா வித்தியாசம் முளைக்கும். எல்லாத் தொகையையும் பைசாவாக முழு எண்ணில் வைத்து, வகை பொருந்தாத தரவை ஏற்காத, 3.37-ஆம் பதிப்பில் வந்த ஸ்டிரிக்ட் அட்டவணையையும் பயன்படுத்துங்கள். எச்2-வில் இந்தத் தலைவலியே இல்லை.

தமிழில் பொருள் பெயர் வைக்கும் கடைக்கு வரிசை ஒரு சங்கடம். எஸ்கியூலைட் குறியீட்டு எண்படி அடுக்கும். யூனிகோடில் ன, ந-வுக்கு அடுத்து நிற்பதால் பன்னீர், பயறுக்கும் பருப்புக்கும் முன்னால் வந்துவிடும். நம் அகரவரிசையில் ன கடைசி. சொந்த அடுக்கு விதியை நிரலில் பதிவு செய்யலாம், ஆனால் வேறு கருவியில் கோப்பைத் திறந்தால் அந்த விதி தெரியாமல் பிழை வரும். அதனால் அடுக்குவதற்கென்றே ஒரு தனி நெடுவரிசை வைத்து, சேமிக்கும்போதே நிரப்புகிறேன். எச்2-வில் பல மொழிகளின் வரிசை தெரிந்த ஐசியூ நூலகத்தைச் சேர்த்து, அட்டவணைகள் உருவாக்குவதற்கு முன்பே கொலேஷன், அதாவது அடுக்கு விதி, அமைக்கலாம்.

இரண்டு கவுன்டர் உள்ள கடைக்கு என் பரிந்துரை மாறும். எஸ்கியூலைட் கோப்பை விண்டோஸ் பகிர்வுக் கோப்புறையில் வைத்து இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து திறக்கவே கூடாது. நெட்வொர்க் பூட்டுகளை நம்ப முடியாது, வால் முறை அங்கே வேலையும் செய்யாது. எச்2-வின் ஆட்டோ சர்வர், முதலில் திறந்தவரைச் சர்வராக்கிவிடும், வசதிதான். ஆனால் அந்த முதல் கம்ப்யூட்டர் அணைந்தால் என்ன ஆகும் என்பதை நிஜக் கடையில் நான் நீண்ட நாள் பார்த்ததில்லை. ஃபயர்பேர்டு என்ற இன்னொரு தரவுத்தளத்தில் எம்பெட்டடாக, அதாவது நிரலுக்குள்ளேயே வைத்துத் தொடங்கி, அதே கோப்பைப் பின்னால் சர்வரில் வைக்கலாம், ஜிபேக் கருவியால் ஓடும்போதே காப்பெடுக்கலாம். அதோடு எனக்குப் பழக்கம் ஒரே ஒரு கடையோடு சரி, அதுவும் வேறொருவர் அமைத்துக் கொடுத்தது. இரண்டாவது கவுன்டர் கேட்கும் கடைக்கு இப்போதைக்கு எஸ்கியூலைட்டை ஒரே கம்ப்யூட்டரில் வைத்து, மற்றது அதனிடம் எச்டிடிபி வழியாகக் கேட்கும்படி ஒரு சிறிய சேவை எழுதித் தருகிறேன். மூன்றாவது கவுன்டர் கேட்டால் தனி சர்வராக ஓடும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கும், நல்ல பேட்டரியோடு ஒரு யூபிஎஸ்ஸுக்கும் சேர்த்தே விலை சொல்கிறேன்.