புதர்க் கதிர்க்குருவியைப் படமெடுக்க எந்தப் பயணம்?

மலைநாட்டில் மார்கழி, தை மாதங்களில் நாம் காணும் இலைக் கதிர்க்குருவிகள் எல்லாம் வலசை வந்தவை. பச்சைக் கதிர்க்குருவி காக்கசஸ் மலைப் பகுதியிலும் பெரிய அலகு இலைக் கதிர்க்குருவி இமயமலையிலும் குஞ்சு பொரிப்பதால், இங்கே அவற்றின் கூட்டைத் தேடுவது வீண்வேலை. கூடுகட்டும் பருவத்தில், அதன் சொந்த மண்ணிலேயே படமெடுக்க வேண்டும் என்போருக்கு உரியது இலங்கைப் புதர்க் கதிர்க்குருவிதான். இத்தீவுக்கே உரிய இப்பறவை, பெப்ரவரி முதல் மே வரையிலான மாதங்களில் மலைக்காட்டின் அடர்ந்த கீழ்ப்புதர்களில் இணையாகத் திரிகிறது. வழிகாட்டியுடன் செல்லும் பயணங்கள் பலவும் இதைத் தம் பட்டியலில் சேர்த்திருந்தாலும், அவற்றை எத்தனை இனங்களைக் காட்டுகின்றன என்பதைக் கொண்டு அல்லாமல், ஒரே புதரின் முன் எவ்வளவு நேரம் நிற்கவிடுகின்றன என்பதைக் கொண்டே நான் மதிப்பிடுகிறேன்.

நுவரெலியாவிலிருந்து விடியுமுன் ஜீப்பில் புறப்பட்டு, அம்பேவெல, பட்டிப்பொல வழியாக ஹோர்ட்டன் சமவெளிக்குச் செல்வது பலரும் தேர்ந்தெடுக்கும் பயணம். 2,000 மீற்றருக்கும் மேலான அந்த உயரத்தில் சிறுமூங்கிலும் நெலு எனப்படும் குறிஞ்சி இனச் செடிகளும் பாதையோரத்திலேயே மண்டிக்கிடப்பதால், பறவை இருக்கும் இடத்துக்குக் குறைவில்லை. சிக்கல் நேரத்தில்தான் இருக்கிறது. விடியற்காலை வெளிச்சத்தில் எல்லா வழிகாட்டிகளும் அரெங்கா குளத்தருகே இலங்கைச் சீகாரப் பூங்குருவிக்காகக் காத்திருப்பார்கள். அது முடிந்ததும் உலக முடிவு என்னும் செங்குத்துப் பாறை விளிம்புக்குச் செல்லும் கூட்டம் பாதையை நிறைத்துவிட, கதிர்க்குருவிக்கு எஞ்சுவது நடந்துகொண்டே பார்க்கும் சில நிமிடங்கள் மாத்திரமே. தேசியப் பூங்கா என்பதால் பாதையைவிட்டு இறங்கவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர்களை அழைத்துச் செல்வோர், அவர்களுக்கான நுழைவுக் கட்டணம் உள்நாட்டவர் செலுத்துவதைவிடப் பன்மடங்கு என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சீதாஎலியக் கோயிலைத் தாண்டியதும் வரும் ஹக்கல தாவரவியல் பூங்காவின் காட்டோர நடை இதற்கு நேர்மாறானது. 1861ஆம் ஆண்டு, கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தைப் பயிரிடத் தொடங்கப்பட்ட இத்தோட்டத்துக்குள் விடிகாலையில் நுழைய முடியாது என்பது பெரிய குறைதான். பின்னாலுள்ள இயற்கை ஒதுக்கக் காட்டுக்குள் செல்லவும் அனுமதி இல்லை. ஆயினும் தோட்டம் காட்டோடு சேரும் மேல் ஓரத்தில், அவசரப்படுத்தும் சாரதியோ பின்னால் நெருக்கும் கூட்டமோ இன்றி ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கலாம். இப்பறவை பறந்து வெளியே வருவதில்லை. தரையை ஒட்டி நகர்ந்து, திடீரென நான்கைந்து மீற்றர் தூரத்தில் தலைகாட்டும். அப்போது கிட்டத்தில் குவியாத 600 மி.மீ. லென்ஸ் வெறும் பாரமாகிவிட, 100–400 மி.மீ. சூம் லென்ஸே கைகொடுக்கும். ஆணின் சிவந்த கண்ணும் பெண்ணின் வெளிறிய கண்ணும் படத்தில் தெளிவாகப் பிரிந்து தெரிய அந்த நெருக்கம் தேவைப்படுகிறது. மங்கிய வெளிச்சத்துக்கு, கெமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை 3200 வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். படத்தில் சற்றுப் புள்ளி விழுந்தாலும், கூடுகட்டும் பறவைமீது பிளாஷ் அடிப்பதைவிட அது மேல்.

நுவரெலியா விக்டோரியா பூங்காவை இந்தப் போட்டியில் சேர்ப்பதே தவறு. ஆறுமணிக்குருவிக்கும் காசுமீர் ஈப்பிடிப்பானுக்கும் அது அருமையான இடம். ஆனால் இரண்டும் வலசைப் பறவைகள். தீவு முழுவதையும் சுற்றி, மலைநாட்டுக்கு ஓரிரவை மட்டும் ஒதுக்கும் நீண்ட பயணங்களையும் தவிர்க்கலாம்.

எனது தெரிவு, மார்ச் மாத வாரநாட்களில் ஹக்கலவுக்கு முதல் நாளும் ஹோர்ட்டனுக்கு மறுநாளும் ஒரே உள்ளூர் வழிகாட்டியுடன் செல்வதாகும். ஏப்ரல் சீசனில் விடுதி வாடகையும் வாகன நெரிசலும் ஏறிவிடுவதோடு, பிற்பகல் இடிமழையும் சேர்ந்துகொள்ளும். முற்பணம் கொடுக்குமுன், பறவையின் குரலை ஒலிபரப்பி அதை வரவழைப்பாரா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். கூடுகட்டும் காலத்தில் அக்குரலை எதிரியின் குரலாகக் கருதி, ஆண்பறவை தன் இணையையும் கூட்டையும் விட்டு விரட்ட வரக்கூடும். ஆகவே, அவர் ஆம் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.