தலைக்குப் பின்னால் இறங்கும் டம்பெல்

வீட்டில் ஒரே ஒரு டம்பெல்தான் இருக்கிறது, மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸுக்கு எதைச் செய்வது என்று யார் கேட்டாலும் சில வருஷங்களாக என் பதில் ஒன்றுதான். உட்கார்ந்துகொண்டு, இரண்டு கையாலும் டம்பெல்லைத் தலைக்கு மேல் பிடித்து, தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்றுங்கள். ஜிம்மில் இதை ஓவர்ஹெட் எக்ஸ்டென்ஷன் என்பார்கள், சில மாஸ்டர்கள் ஃப்ரெஞ்ச் பிரஸ் என்பார்கள். குனிந்து முன்கையைப் பின்னால் நீட்டும் கிக்பேக், படுத்துச் செய்யும் ஸ்கல் க்ரஷர், ஒற்றைக் கை வகை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிச் செய்து பார்த்த பிறகு நான் தங்கியது இதில்தான்.

ட்ரைசெப்ஸ் மூன்று தலை, அதாவது மூன்று பகுதி, கொண்ட தசை. மூன்றும் முழங்கையின் பின்முனையில் ஒரே இடத்தில் போய் ஒட்டுகின்றன. ஆனால் தொடங்கும் இடம் ஒன்றல்ல. இரண்டு தலைகள் மேல்கை எலும்பிலேயே தொடங்குகின்றன. நீளமான தலை மட்டும் தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பி, தோள் மூட்டைத் தாண்டி வருகிறது. அதனால் கையை மேலே தூக்கி முழங்கையை மடக்கும்போது அந்த நீளத் தலை இரண்டு பக்கமும் இழுபடுகிறது. கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுச் செய்யும் எந்தப் பயிற்சியிலும் அந்த இழுவை கிடைக்காது.

இழுபட்ட நிலையில் வேலை வாங்கினால் என்ன ஆகும் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். 21 பேர், 12 வாரம். ஒவ்வொருவரும் ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்தும் மறு கையைப் பக்கத்தில் வைத்தும் கேபிள் மெஷினில், அதாவது கம்பிவடத்தை இழுத்து எடையைத் தூக்கும் மெஷினில், பயிற்சி செய்தார்கள். நீளத் தலையின் வளர்ச்சி மேலே தூக்கிய கையில் 28.5 சதவீதம், பக்கத்தில் வைத்த கையில் 19.6. இத்தனைக்கும் மேலே தூக்கிய கை இழுத்தது குறைந்த எடை. அது கேபிள், நம்மிடம் இருப்பது டம்பெல் என்பதை மறக்கவேண்டாம். டம்பெல்லில் முன்கை தரைக்குக் கிடையாக இருக்கும் இடத்தில்தான் பாரம் உச்சம். கை நேராக நீண்டுவிட்டால் பாரம் எலும்பின் மேல் உட்கார்ந்துவிடும், தசைக்கு ஓய்வு. ஆகவே மேலே போய் இளைப்பாறுவதில் அர்த்தமில்லை.

சரி, செய்முறைக்கு வருவோம். முதல் விஷயம் இருக்கை. தோள்பட்டை எலும்பு உயரத்துக்கு மட்டும் முதுகு சாய்க்க இடம் இருக்கும் பெஞ்ச் சிறந்தது. தலை வரை உயர்ந்த பெஞ்சில் டம்பெல் பின்னால் போய் இடிக்கும். நின்றுகொண்டும் செய்யலாம், ஆனால் எடை கூடக்கூட இடுப்பு வளையத் தொடங்கும்.

அடுத்தது டம்பெல். அறுகோணத் தலை உள்ள ரப்பர் டம்பெல் இதற்கு மிக வசதி. செங்குத்தாகப் பிடித்து, மேல்தலையின் உட்பக்கத்தில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, கட்டைவிரல்களைக் கைப்பிடியைச் சுற்றி மடக்கிக்கொண்டால் அசையாது. சிமெண்ட் நிரப்பிய பிவிசி பிளேட் மலிவுதான், ஆனால் அதே எடைக்கு இரும்பைவிடத் தடிமன். பிடரிக்குப் பின்னால் இறங்கும்போது கழுத்தில் உரசும். நட்டு போட்டு முடுக்கும் வகை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு செட்டுக்கும் (இடைவிடாமல் செய்யும் ஒரு சுற்று) முன்னால் நட்டை ஒரு முறை திருகிப் பார்த்தே ஆகவேண்டும். நட்டு கழன்றால் பிளேட் விழுவது நம் தலையிலோ முதுகிலோதான்.

டம்பெல்லை மேலே கொண்டுபோவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுவே பாதி வேலை. தரையிலிருந்து நேராகத் தலைக்கு மேல் வீசித் தூக்குபவர்களைப் பார்த்தால் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். முதலில் தொடையில் நிறுத்தி, அங்கிருந்து ஒரு தோளில் ஏற்றி, பிடியைச் சரிசெய்து, பிறகு இரண்டு கையாலும் மேலே தள்ளவேண்டும். இறக்குவதும் அதே வழியில், தோளில் வைத்து, தொடைக்கு. களைத்துப்போன கடைசி ரெப்புக்கு (ஒருமுறை இறக்கி ஏற்றுவது ஒரு ரெப்) பிறகும் இந்த வரிசை மாறக்கூடாது.

ஃபார்ம், அதாவது செய்யும் முறை சரியா என்றால், எல்லோரும் முழங்கையைத்தான் பார்ப்பார்கள். நான் முதலில் விலாவைப் பார்ப்பேன். எடை பின்னால் இறங்கும்போது விலா முன்னால் துருத்தினால், தோளில் இல்லாத நெகிழ்வை இடுப்பு வளைந்து ஈடுகட்டுகிறது என்று பொருள். வயிற்றை லேசாக இறுக்கி விலாவைக் கீழே வைத்திருந்தால் டம்பெல் எவ்வளவு ஆழம் போகிறதோ, அதுதான் இன்றைக்கு உங்கள் ஆழம். சிலருக்கு முன்கை பைசெப்ஸைத் தொடும் வரை போகும், சிலருக்குப் போகாது. நாள் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்காருபவர்களுக்கு ஆரம்பத்தில் போகவே போகாது, மெல்லத்தான் திறக்கும்.

முழங்கையைக் காதோடு ஒட்டி வை என்று சொல்லிக்கொடுப்பார்கள். எல்லாத் தோளுக்கும் அது ஒத்துவராது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் வெளியே பார்த்தபடி இருந்தால் போதும். முக்கியமானது மேல்கை ஆடாமல் இருப்பது. முழங்கை முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடினால் பயிற்சி, கையை முழுதாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்த் திருப்பும் புல்ஓவராக மாறி, வேலை முதுகுத் தசைக்குப் போய்விடும். மூச்சை இழுத்தபடி மூன்று விநாடி எடுத்து இறக்குவேன். கீழே ஒரு கணம் நிறுத்தி, மூச்சை விட்டபடி ஏற்றுவேன். அந்தக் கீழ் நிறுத்தம் இருந்தால் கை வீச்சின் உதவி கிடைக்காது, அதனால் எடையைக் குறைக்கத்தான் வேண்டியிருக்கும்.

எடை விஷயத்தில் இந்தப் பயிற்சி கஞ்சத்தனமானது. கடைகளில் டம்பெல் பெரும்பாலும் இரண்டரை கிலோ இடைவெளியில் கிடைக்கிறது. 10 கிலோவிலிருந்து 12.5-க்குப் போவது ஒரே தாவலில் 25 சதவீதம். பெஞ்ச் பிரஸில் அது ஒன்றுமில்லை, இங்கே பெரிய மலை. அதனால் ஒரே எடையில் 10 ரெப்பில் தொடங்கி 15, 18 வரை சுத்தமாக வந்த பிறகே அடுத்த டம்பெல்லைத் தொடுவேன். மாதக்கணக்கில் ஒரே எடையில் நிற்கும் காலங்களும் உண்டு. பக்கத்துப் பையன் இரண்டு மடங்கு எடையைப் பாதி ஆழத்துக்கு இறக்குவதைப் பார்த்துக்கொண்டே நிற்கவேண்டும்.

குறையும் இருக்கிறது. எதுவும் செய்து சூடாகாமல் நேராக இதைத் தொடங்கினால் முழங்கைப் பின்முனையில் தசைநார் முனகும். நான் இதை முதல் பயிற்சியாக வைப்பதே இல்லை. புஷ்-அப் அல்லது ஷோல்டர் பிரஸ் முடித்து, ஒரு லேசான செட் போட்டு, அப்புறம்தான் வேலை செட். கையை மேலே தூக்கும்போதே தோளில் குத்துவலி வருபவர்கள் இதை விட்டுவிட்டு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்ப்பது நல்லது.

கிக்பேக்கின் கட்சிக்காரர்கள் 2011-ல் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எக்ஸர்சைஸ் நடத்திய ஆய்வை எடுத்துக் காட்டுவார்கள். தோலில் மின்முனை ஒட்டித் தசையின் மின்செயல்பாட்டை அளந்ததில், கைகளை முக்கோணமாகக் குவித்துச் செய்யும் புஷ்-அப் முதலிடம். கிக்பேக்கும், கையை ஊன்றி உடலை இறக்கி ஏற்றும் டிப்ஸும் அதற்கு அடுத்து, ஓவர்ஹெட் அவற்றுக்குப் பின்னால். அந்த அளவீட்டோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அந்த நேரத்து மின்செயல்பாடு வேறு, மாதங்கள் கழித்து வரும் வளர்ச்சி வேறு. கிக்பேக்கில் தசை முழுதாகச் சுருங்கும் உச்சியில்தான் பாரம் இருக்கிறது, இழுபடும் இடத்தில் அநேகமாக ஒன்றுமே இல்லை. கடைசி செட்டில் லேசான டம்பெல்லோடு செய்ய நல்லது, அவ்வளவுதான்.

நம் ஊர்க் கர்லாக்கட்டையை நினைத்துப் பாருங்கள். அதுவும் தலைக்கு மேல் போய் முதுகுக்குப் பின்னால்தான் இறங்குகிறது. சுற்றுவதும் ஏற்றி இறக்குவதும் ஒன்றல்ல, என்றாலும் கட்டை சுற்றிப் பழகிய தோளுக்கு இந்த ஆழம் சுலபமாக வரும்.

பலன் என்று கேட்டால், எனக்கு முதலில் தெரிந்தது கண்ணாடியில் அல்ல, ஷோல்டர் பிரஸில். எடையைத் தலைக்கு மேல் முழுதாக நீட்டும் அந்தக் கடைசிப் பகுதி முன்பு திணறும், இப்போது திணறுவதில்லை. கையின் பின்பக்கம், அக்குளுக்கு அருகில், தசை தடித்தது அதற்கு வெகு காலம் கழித்து. வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று செட் என்ற அளவிலேயே இன்னமும் ஓட்டுகிறேன். கேபிள் மெஷின் காலியாகக் கிடைக்கும் நாளில் இதையே ரோப்பைப் பிடித்துச் செய்வேன். அங்கே கை நீண்ட பிறகும் பாரம் விடாது என்பதால் கடைசி ரெப்புகள் கொஞ்சம் கொடுமை.