ஓட்டோகாட் வரைபடத்தைப் படமாக்கும் வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

திருகோணமலையில் வீட்டு வரைபடம் வரைந்து கொடுப்பவர் எவராயினும், அவருடைய ஒரே கோப்பைக் குறைந்தது மூன்று பேர் மூன்று விதமாகப் பார்க்கிறார்கள். அனுமதிக்காக உள்ளூராட்சி மன்றத்துக்குப் போகும் பிரதி தாளில், அளவுத்திட்டம் பிசகாமல் இருக்க வேண்டும். உப்புவெளியில் அத்திவாரம் வெட்டுவிக்கும் மேசன் அதையே வெயிலில் நின்றபடி கைத்தொலைபேசியில் பார்க்கிறார். காணிக்குச் சொந்தக்காரரோ ரொறன்ரோவிலோ இலண்டனிலோ இருந்து வட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு, சமையலறை ஏன் இவ்வளவு சிறியது என்று கேட்கிறார். இவர்களில் யாரிடமும் அந்தக் கோப்பைத் திறக்கும் வரைபட மென்பொருளான ஓட்டோகாட் இல்லை. ஆகவே வரைபடம் ஏதோ ஒரு வழியில் படமாகியே தீர வேண்டும். அந்த வழிகளில் நான் மாறி மாறிப் பயன்படுத்திப் பார்த்தவற்றையே இங்கு ஒப்பிடுகிறேன்.

ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. "இந்தக் கதவு இடப்பக்கம் திறக்கட்டுமா?" என்று கேட்க அது போதும், அதற்கு மேல் எதற்கும் போதாது.

வரைபடத்தைப் பிஎன்ஜி, ஜேபெக் என்னும் பட வகைகளாக வெளியேற்றும் பிஎன்ஜிஅவுட், ஜேபிஜிஅவுட் என்ற இரண்டு ஓட்டோகாட் கட்டளைகள் பார்வைக்கு மேலானவை போலத் தோன்றினாலும், உள்ளபடி அவையும் திரையைத்தான் பிரதி எடுக்கின்றன. திரையில் வரைபடம் எத்தனை பிக்சல் (படத்தை ஆக்கும் சிறு புள்ளி) அகலத்தில் தெரிகிறதோ ஏறத்தாழ அத்தனை பிக்சலே வெளிவரும் படத்திலும் இருக்கும். கறுப்புப் பின்னணியில் வேலை செய்பவருக்குப் படமும் கறுப்பாகவே வரும். அதைத் தாளில் அச்சிட்டால் மை தீருமே தவிர வரைபடம் தெரியாது. பின்னணியை வெள்ளையாக்கினாலோ, கறுப்பில் பளிச்சென்று தெரிந்த மஞ்சள் கோடுகள் வெள்ளையில் காணாமற்போகும். வேண்டிய பொருட்களை மட்டும் தெரிவுசெய்து வெளியேற்றலாம் என்பதே இக்கட்டளைகளின் ஒரே வசதி.

மூன்றாவது வழி, அச்சிடுவதற்கான பிளொட் பெட்டியில் அச்சுப்பொறிக்குப் பதிலாகப் 'பப்ளிஷ் டு வெப் பிஎன்ஜி' என்பதைத் தெரிவுசெய்வது. இங்கே எல்லா நிறத்தையும் கறுப்பாக அச்சிடும் மொனோக்குரோம் பிளொட் பாணியைத் தெரிவுசெய்யலாம் என்பதால் எல்லாக் கோடுகளும் கறுப்பாகும். கோட்டுத் தடிப்புகளும் முறையாக வரும். ஆனால் இந்த வழியில் தாளின் அளவு மில்லிமீற்றரில் இல்லை, பிக்சலில் இருக்கிறது. பட்டியலில் 'சன் ஹை-ரெஸ்' என்ற பெயரோடு நிற்கும் 1600க்கு 1280 என்ற அளவு, பழைய சன் கணினிகளின் திரையை நினைவூட்டும் மிச்சம். இன்றும் பலர் அதை மாற்றாமலே அச்சிடுகிறார்கள். அதனால் விளைவதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 420 மில்லிமீற்றர் நீளமுள்ள ஏ3 தாளை 1600 பிக்சலுக்குள் அடைத்தால், ஒரு மில்லிமீற்றருக்கு நான்கு பிக்சல்கூடக் கிடைக்காது. 2.5 மில்லிமீற்றர் உயரமுள்ள எழுத்துக்குக் கிடைப்பது ஒன்பது பிக்சல் சொச்சம். ஆங்கில எழுத்து அதில் ஒருவாறு தப்பிவிடும், தமிழ் தப்பாது. மெய்யெழுத்தின் புள்ளி மறைந்துபோகும், இகரமும் ஈகாரமும் ஒன்றாகிவிடும். எழுத்தையாவது ஊகிக்கலாம், எண்ணை ஊகிக்க முடியாது. நிலாவெளியில் ஒரு விருந்தினர் விடுதிக்கு நான் அனுப்பிய இத்தகைய படத்தில் 1.8 என்பது 1.3 என்று வாசிக்கப்பட்டு, குளியலறைச் சுவர் இரண்டு வரி எழும்பிய பிறகே பிழை தெரிந்தது. வாசித்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அதே தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் படமாக்கினால் 4961க்கு 3508 பிக்சல் வரும், அதே எழுத்துக்கு ஏறத்தாழ முப்பது பிக்சல் கிடைக்கும், 0.25 மில்லிமீற்றர் கோடு மூன்று பிக்சல் தடிப்பில் தெளிவாக நிற்கும். இந்த அளவைத் தனித் தாளளவாக ஒருமுறை சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஆயினும் 1:100 என்ற அளவுத்திட்டம் பிக்சலில் பொருளற்றது என்பதால், ஓர் அலகுக்கு எத்தனை பிக்சல் என்று நாமே கணக்கிட வேண்டியிருக்கிறது. இது எனக்குப் பிடிக்காத வேலை.

ஆகவே நான் நிலைத்து நிற்பது நான்காவது வழியில்: லேயவுட் என்னும் தாள் பக்கத்தில் 1:100க்கு வைத்து முதலில் பிடிஎப் ஆக்குவது, படம் வேண்டுமென்றால் அந்தப் பிடிஎப்பிலிருந்து 300 புள்ளியில் எடுப்பது. பிடிஎப்பில் கோடுகள் பிக்சலாக மாறாமல் கோடுகளாகவே இருப்பதால் எவ்வளவு பெருப்பித்தாலும் கலங்காது. பத்துப் பேர்ச் காணி, அதாவது சுமார் 253 சதுர மீற்றர், 1:100இல் ஏ3 தாளில் தாராளமாக அடங்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய எழுத்துருவான பாமினியில் எழுதிய குறிப்புகளை ஓட்டோகாட் கோப்பாகவே அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பிடிஎப் எழுத்துருவையும் தன்னோடு கொண்டுபோவதால் அந்தத் தொல்லை இல்லை. ஒரு குறை உண்டு: ஓட்டோகாட்டுக்கே உரிய எஸ்எச்எக்ஸ் எழுத்துருவில் எழுதியவை சில பதிப்புகளில் பிடிஎப்பின் மேல் கருத்துக்குறிப்புப் பெட்டிகளாக ஒட்டிக்கொண்டு வரும், அமைப்பில் அதை நிறுத்திவிட வேண்டும்.

படமாக எடுக்கும்போது பிஎன்ஜியா ஜேபெக்கா என்ற கேள்வி எஞ்சுகிறது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுப் பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது. மெல்ல மாறும் வானத்துக்கும் முகத்துக்கும் அது ஏற்றது, ஆனால் வெள்ளைத் தாளில் கூர்மையாக ஓடும் கோட்டைச் சுற்றிச் சாம்பல் பொட்டுகளைத் தூவிவிடும். நிறத்தை வெளிச்சத்தைவிடக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால், காணி எல்லையைக் காட்டும் மெல்லிய சிவப்புக் கோடு முதலில் கரைகிறது. பிஎன்ஜி ஒரு பிக்சலையும் இழக்காது. பெரும்பகுதி வெற்று வெள்ளையாக இருக்கும் கோட்டுப்படத்தில், பலர் நினைப்பதற்கு மாறாக, பிஎன்ஜி கோப்பே பல வேளைகளில் சிறியதாகவும் இருக்கும். முப்பரிமாண முகப்புத் தோற்றத்துக்கு மட்டும் ஜேபெக்கை வைத்துக்கொள்கிறேன்.

லிப்ரேகாட் பயன்படுத்துபவர்களுக்கு இந்தச் சுற்றுவழி அவ்வளவு தேவைப்படாது. இலவசமான அந்த மென்பொருளில் படமாக ஏற்றுமதி செய்யும்போதே அகலம், உயரம், வெள்ளைப் பின்னணி, கறுப்புக் கோடு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் தெரிவுசெய்யலாம். இந்த ஒரு விடயத்தில் விலை கூடிய மென்பொருளைவிட அது நேர்த்தி.

எந்த வழியில் எடுத்தாலும், வட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்தால் அப்படியே போய்ச் சேரும். தாளில் எடுப்பதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அச்சுக்கடைக் கணினியில் 'தாளுக்குப் பொருத்து' என்ற அமைப்பு போட்டபடியே இருந்தால், நாம் கவனமாக வைத்த 1:100 சில சதவீதம் சுருங்கிவிடும். அதனால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் பத்து மீற்றரைக் காட்டும் கோடொன்றைப் போட்டு வைத்திருக்கிறேன். கடையை விட்டு இறங்குமுன் அதை அடிமட்டத்தால் அளப்பேன். 100 மில்லிமீற்றர் இல்லாமல் 97 என்று காட்டினால், உண்மை அளவில் மறுபடி எடுத்துத் தரச் சொல்வேன்.